30 அடி ஆர்.வி.யோடு கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆகஸ்டில் சியாட்டிலில் 30 அடி நீளமுள்ள 'கிளாஸ் சி' மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி., அதாவது வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, வாழ்க்கைத்துணை, இரண்டு பிள்ளைகளோடு ஆறு பேராக மொன்டானாவில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கே மலையைக் கடக்கும் 'கோயிங் டு தி சன்' சாலையில் அந்த வண்டியை ஓட்ட முடியுமா? முடியாதென்றால் ஆர்.வி. எடுப்பதில் அர்த்தம் உண்டா? அப்பா இரவில் சிபாப் இயந்திரம் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றைச் செலுத்தும் கருவி) மாட்டிக்கொண்டு தூங்குபவர், அம்மாவுக்குப் பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான், முடியாது. மேற்குப் பக்கம் அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டுக்கும் (வண்டியோ கூடாரமோ போட்டு இரவு தங்கும் இடம்) கிழக்குப் பக்கம் ரைசிங் சன் பகுதிக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. நீளத்தில் பம்பரும் சேர்த்தி, பின்னால் மாட்டிய சைக்கிள் தாங்கியும் சேர்த்தி. அகலத்தில் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் சேர்த்தி. இந்த அகலக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. 'அப்படியென்றால் சின்ன கிளாஸ் சி எடுத்துவிடுகிறேன்' என்று நினைக்காதீர்கள். அந்த வகை வண்டிகளின் பெட்டியே பெரும்பாலும் 8 அடியைத் தொட்டுவிடும், கண்ணாடியைச் சேர்த்தால் தாண்டிவிடும். வேன் மாதிரி இருக்கும் 'கிளாஸ் பி' வண்டிகளில் சில மட்டும் தேறும். ஆனால் அதில் ஆறு பேர் படுக்க முடியாது.

இந்த விதி எதற்கு என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் கோபம் வராது. 1920களில் இந்தச் சாலைக்கு முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. தாமஸ் விண்ட் என்ற பூங்காத் துறை வடிவமைப்பாளர், அவ்வளவு வளைவுகளை வெட்டினால் பள்ளத்தாக்கே வடுவாகிவிடும் என்று சொல்லி, 'கார்டன் வால்' என்ற நீண்ட பாறைச் சுவரின் இடுப்பில் சாலையைக் கீறிக்கொண்டு போகும் வழியைக் காட்டினார். அதனால் இன்றைக்கு மேற்குச் சரிவில் 'தி லூப்' என்ற ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவுதான். ஏற்றமும் சீராக, சுமார் 6 சதவீதத்துக்குள் இருக்கும். 1933 ஜூலையில் திறந்து வைத்தார்கள். அன்றைய கார்களின் அளவுக்கு வெட்டிய அகலம்தான் இன்றும். ஒரு பக்கம் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கல்சுவர். பனிச்சரிவு அடித்துக்கொண்டு போகும் இடங்களில் அந்தச் சுவர்கூட இல்லை, குளிர்காலத்துக்கு முன் கழற்றி வைத்துவிடும் மரத்தடுப்புகள்தான். 10 அடிக்கு மேல் உயரமான வண்டிகள் இந்தச் சாலையின் உச்சியான லோகன் கணவாயிலிருந்து மேற்கே இறங்கும்போது பாறை தட்டும் என்று பூங்காவே எச்சரிக்கிறது. உங்கள் வண்டி 11, 12 அடி உயரம் இருக்கும்.

சரி, அப்புறம் ஆர்.வி. எதற்கு? என் பதில், அதை வீடாக எடுத்துப் போங்கள், மலை பார்க்கும் வண்டியாக நினைக்காதீர்கள். மேற்குப் பக்கம் ஓர் இடத்தில் சில நாள், கிழக்குப் பக்கம் ஓர் இடத்தில் சில நாள் நிறுத்தி வையுங்கள். மலைக்கு ஒரு மினிவேனில் போங்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கழிப்பறை கூடவே வருகிறது, அப்பாவுக்குத் தன் படுக்கை, பிள்ளைகளுக்குச் சுடச்சுடச் சாப்பாடு. ஆர்.வி.யையே எடுத்துக்கொண்டு தினமும் ஒவ்வொரு இடமாக அலைபவர்கள்தான் நொந்து போகிறார்கள். காலையில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கட்டிவைத்துக் கிளம்ப வேண்டும். போன இடத்தில் 30 அடி வண்டிக்கு நிறுத்த இடம் கிடைக்காது.

மேற்குப் பக்கத்துக்கு நான் சொல்வது ஆப்கார் கேம்ப்கிரவுண்ட். மெக்டொனால்ட் ஏரியின் கால்மாட்டில் இருக்கிறது, பூங்காவிலேயே பெரியது. ஆனாலும் 40 அடி வரை கொள்ளும் இடங்கள் சுமார் 25தான். பக்கத்தில் இருக்கும் ஃபிஷ் க்ரீக்கில் அதைவிடக் குறைவு. அவலாஞ்சும் ரைசிங் சன்னும் உங்கள் வண்டிக்குப் போதாது. கிழக்கே செயின்ட் மேரி வசதியானது. மெனி கிளேசியர் பள்ளத்தாக்கு இந்தப் பூங்காவின் உயிர் என்பேன், ஆனால் அங்கே பெரிய வண்டி இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் செயின்ட் மேரியில் தங்கி ஒரு நாள் காலை மினிவேனில் போய் வாருங்கள். போல்பிரிட்ஜ் பக்கம், போமன், கின்ட்லா ஏரிகளுக்குப் போகும் மண் சாலைகளில் ஆர்.வி. வேண்டவே வேண்டாம். வாடகை ஒப்பந்தங்களில் மண் சாலைக்குத் தடை இருப்பதும் வழக்கம்.

அப்பாவின் சிபாப் விஷயத்தை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். பூங்காவுக்குள் இருக்கும் எந்த கேம்ப்கிரவுண்டிலும் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான் போடலாம், இரவில் போடக் கூடாது. ஆர்.வி.யின் பேட்டரியில் விளக்கும் தண்ணீர் பம்பும் ஓடும், ஃபிரிட்ஜ் புரொப்பேனில் ஓடும். ஆனால் சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் மின்சாரம் வராது, இன்வெர்ட்டர் இருந்தால் ஒழிய. வாடகை வண்டிகள் பலவற்றில் இன்வெர்ட்டர் இருக்காது. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் அப்பாவின் இயந்திரத்துக்கு ஏற்ற 12 வோல்ட் கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள், ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டு ஓட்டினால் பேட்டரி இரவு முழுக்கத் தாங்கும் வாய்ப்பு அதிகம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் பூங்காவுக்கு வெளியே வெஸ்ட் கிளேசியரிலும் செயின்ட் மேரியிலும் எல்லா இணைப்பும் கொண்ட தனியார் ஆர்.வி. பார்க்குகள் இருக்கின்றன. வாடகை கூட, ஆனால் அப்பாவின் தூக்கம் அதைவிட முக்கியம். நானாக இருந்தால் மேற்கில் ஆப்காரும் கிழக்கில் தனியார் இடமும் எடுப்பேன்.

மேற்கிலிருந்து கிழக்குக்கு ஆர்.வி.யை எப்படிக் கொண்டு போவது? பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டி ஓடும் யு.எஸ். 2 நெடுஞ்சாலையில். வெஸ்ட் கிளேசியரிலிருந்து ஈஸ்ட் கிளேசியர் வரை சுமார் 57 மைல். இதுவும் கண்டப் பிரிவுக் கோட்டை (ஆறுகள் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து ஓடும் மலைமுகட்டை) தாண்டும் சாலைதான், ஆனால் மரையாஸ் கணவாய் 5,200 அடியை ஒட்டித்தான் இருக்கிறது. ஏற்றம் மெதுவானது. கூடவே ரயில் பாதையும் வரும், சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்குப் போகும் எம்பயர் பில்டர் ரயில் இந்த வழியில்தான் ஓடுகிறது. நடுவில் 'கோட் லிக்' என்ற இடத்தில் நில்லுங்கள். எதிரே ஆற்றுக்கு மேலிருக்கும் செங்குத்தான மண்சரிவில் வெள்ளை மலையாடுகள் உப்புச் சத்துக்காக மண்ணை நக்கிக்கொண்டிருக்கும். ஜூன், ஜூலையில் நிறையத் தெரியும், ஆகஸ்டிலும் பைனாகுலர் இருந்தால் சிலதாவது கண்ணில் படும்.

ஈஸ்ட் கிளேசியர் வந்ததும் ஒரு கவனம். ஜி.பி.எஸ். உங்களை 49ஆம் எண் சாலையில் திருப்பிவிடப் பார்க்கும், தூரம் குறைவு என்று. கேட்காதீர்கள். லுக்கிங் கிளாஸ் குன்றின் மேல் வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய சாலை அது, பெரிய வண்டிக்கானதல்ல. நேராக பிரவுனிங் போய், அங்கிருந்து 464ஆம் எண் டக் லேக் சாலையில் பாப் வரை போய், செயின்ட் மேரிக்கு இறங்குங்கள். யு.எஸ். 89 இன்னும் கிட்ட, ஆனால் வளைவு அதிகம். டக் லேக் சாலை திறந்த புல்வெளியில் போகும், இடது பக்கம் மலைத்தொடர் முழுவதும் வரிசையாக நிற்கும். இதெல்லாம் பிளாக்ஃபீட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம், வேலி இல்லாத மேய்ச்சல். மாடும் குதிரையும் சாலைக்கு நடுவே நிற்கும். இருட்டில் ஓட்டாதீர்கள். பிரவுனிங்கில் டீசலோ பெட்ரோலோ நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் பங்க் கிடையாது. அந்த ஊரில் பிளெய்ன்ஸ் இந்தியன் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நீங்கள் பார்க்கப் போகும் மலைகள் 1910இல் தேசியப் பூங்கா ஆவதற்கு முன் யாருடையவை என்று அங்கே புரியும்.

கிழக்குப் பக்கக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் காற்று செயின்ட் மேரி, பிரவுனிங் பக்கம் பேய் போல அடிக்கும். 30 அடி ஆர்.வி.யின் பக்கவாட்டுச் சுவர் அதை முழுதாக வாங்கும். ஸ்டியரிங் கையை மீறி இழுப்பது தெரிந்தால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், மணிக்கு 45 மைலில் போனால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நிறுத்திய இடத்தில், வண்டியின் பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தலை விரித்தபடி விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வெயில் அடிக்கிறது, இலைகூட அசையவில்லை என்று நம்பி விட்டுப் போனால் திரும்பி வரும்போது கம்பிகள் வளைந்து கூரை மேல் கிடக்கும். பந்தலும் கூரையும் சேதமானால் பல வாடகைக் காப்பீடுகள் தரமாட்டா.

இப்போது மலைச் சாலை. கலிஸ்பெல் விமான நிலையத்தில் ஏழு பேர் உட்காரும் மினிவேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டில் தட்டுப்பாடு வரும், முன்பே பதிவு செய்துவிடுங்கள். அந்த அளவு வண்டி விதிக்குள் சௌகரியமாக அடங்கும். அம்மாவுக்காக ஒரு யோசனை: அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், மேற்கிலிருந்து கிழக்கே ஏறும்போது நீங்கள் பள்ளத்தை ஒட்டிய தடத்தில் இருப்பீர்கள். கிழக்கிலிருந்து மேற்கே வரும்போது பாறைச் சுவரை ஒட்டிய தடம். அதனால் செயின்ட் மேரியில் தங்கியிருக்கும்போது அம்மாவை அழைத்துக்கொண்டு லோகன் கணவாய் ஏறி, மேற்கே இறங்குங்கள். அவரை வலது ஜன்னலோரம் உட்கார வைத்தால் கைக்கெட்டும் தூரத்தில் பாறை, அதில் வழியும் நீர், வீப்பிங் வால் அருவி. பள்ளம் இடது பக்கம் போய்விடும். திரும்பி வரும்போது கண்ணை மூடிக்கொள்ளட்டும், அல்லது யு.எஸ். 2 வழியாகச் சுற்றி வாருங்கள்.

லோகன் கணவாய் 6,646 அடி. ஊட்டியைவிடத் தாழ்வு என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மூச்சு வாங்குமோ என்ற கவலை போய்விடும். ஆனால் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை. கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், ஆகஸ்டிலும் பனி தூறிய நாட்கள் உண்டு. ஸ்வெட்டரும் குல்லாவும் காரிலேயே இருக்கட்டும். வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். ஏழு மணிக்கு முன் மேலே இருங்கள், இல்லையென்றால் மாலை நாலரை ஐந்துக்குப் போங்கள். மாலைதான் எனக்குப் பிடித்தது, கூட்டம் இறங்கியபின் மலையாடுகள் நடைபாதைக்கே வந்துவிடும். மறைந்த ஏரி என்று பெயர் பெற்ற ஹிடன் லேக் பார்வை மேடைக்கு ஒரு பக்கம் சுமார் 1.4 மைல். முதல் பாதி மரப்பலகைப் படிகள். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், அப்பா பாதிவரை போய் உட்கார்ந்தாலே போதும், காட்சி அங்கேயே தொடங்கிவிடும். பூங்காவின் ஷட்டில் பேருந்துக்கும் வண்டி அனுமதிக்கும் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, கிளம்பும் ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுகிறவரும் வேடிக்கை பார்க்க வேண்டாமா? ஒரு நாள் சிவப்புப் பேருந்தில் போங்கள். 1930களில் வைட் மோட்டார் கம்பெனி செய்த 33 வண்டிகள் அவை. துணிக்கூரையை அப்படியே சுருட்டிவிடுவார்கள், எழுந்து நின்று மலையைப் பார்க்கலாம். பழைய கியர் போடும்போது எழுந்த சத்தத்தால் ஓட்டுநர்களுக்கு 'ஜாம்மர்' என்றே பெயர். பிளாக்ஃபீட் வழிகாட்டிகள் நடத்தும் சன் டூர்ஸ் பயணமும் உண்டு. அந்த மலைகளின் கதையை அந்த மக்கள் வாயாலேயே கேட்கலாம் என்பதால் இரண்டில் ஒன்று என்றால் அதையே சொல்வேன்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் வீடுகளுக்கு இது முக்கியம். இது கிரிஸ்லி கரடி ஊர். ஆர்.வி.க்குள் சமைப்பதில் தவறில்லை. வெளியே மேஜையில் சமைத்தால், முடித்த கையோடு அடுப்பு, குக்கர், தாளித்த வாணலி, எண்ணெய்ப் பாட்டில், ஐஸ் பெட்டி எல்லாம் உள்ளே போக வேண்டும். அரை மணி நேரம்தானே என்று விட்டுவிட்டு ஏரிக்குப் போகக் கூடாது, அபராதம் உண்டு. சாம்பார்ச் சட்டி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அந்த வாசனை நாள்கணக்கில் மண்ணில் நிற்கும். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டி வருகிறது, நம் சோம்பலுக்கு அது உயிரை விடுகிறது. நடைபாதையில் கரடியை விரட்டும் ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் அல்ல. உள்ளே மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போட்டுவிடுங்கள், ஆர்.வி.யின் புகை அலாரம் ரொம்பச் சுறுசுறுப்பு.

ஓட்டுவது பற்றிக் கொஞ்சம். பெரிய வண்டியில் முதலில் பழக வேண்டியது அதன் வால். பின் சக்கரத்துக்குப் பின்னால் 8, 10 அடி நீட்டிக்கொண்டிருக்கும். பங்கில் நிரப்பிவிட்டு வலது பக்கம் ஒடித்தால் வால் இடது பக்கம் வீசும், பம்புக்குக் காவலாக நட்டிருக்கும் மஞ்சள் கம்பத்தில் உரசும். முதலில் நேராக முன்னே வாருங்கள், வால் முழுவதும் கம்பத்தைத் தாண்டியபின் திருப்புங்கள். காலியான ஒரு கடை வாசலில் அரை மணி நேரம் பழகிவிட்டு ஊரை விட்டுக் கிளம்புங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்தக் கணம் வண்டி நிற்க வேண்டும். வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

சியாட்டிலிலிருந்து 550 மைல் சொச்சம். ஸ்னோக்வால்மி, ஃபோர்த் ஆஃப் ஜூலை, லுக்அவுட் என்று ஐ-90இலேயே மூன்று கணவாய்கள். ஒரே நாளில் போக நினைக்காதீர்கள், ஸ்போகேன் அல்லது கோர் டி'அலீன் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். டோ/ஹால் பொத்தானை அழுத்துங்கள், கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். வேகம் மீறினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்துக் குறைத்து, முழுசாக விட்டுவிடுங்கள். இருவழிச் சாலையில் மெதுவாகப் போகும்போது பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலச் சட்டம். மொன்டானாவிலும் அதையே செய்யுங்கள்.

தொட்டிகள். ஆறு பேர் என்றால் நல்ல தண்ணீரும் கழிவுத் தொட்டியும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. குளியலுக்குத் தண்ணீரைத் திறந்து நனைந்து, மூடிச் சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள். ஆப்காரிலும் செயின்ட் மேரியிலும் கழிவைக் கொட்டும் இடம் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, குழாய் வாய் குழிக்குள் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, கழிப்பறைத் தொட்டியை முதலில் திறங்கள். அது முழுக்க இறங்கியபின் குளியல் தண்ணீர்த் தொட்டி. சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிவிடும்.

கட்டணத்தில் ஒரு புது விஷயம். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும், கிளேசியர் உட்பட 11 பூங்காக்களில் 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. வருகையாளர் விசாவில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இது பொருந்தும். அப்படி வசிக்காதவர்களுக்கான ஆண்டு அனுமதிச் சீட்டு 250 டாலர். அதையும் தனித்தனிக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பதிவு செய்யும் வரிசை: முதலில் கேம்ப்கிரவுண்ட். ஆப்கார் பெரிய வண்டி இடங்கள் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னால் திறக்கும், திறந்த நிமிடமே போய்விடும். அது கிடைத்தபின் மினிவேன், அதற்கப்புறம் ஆர்.வி. பெரும்பாலானவர்கள் ஆர்.வி.யை முதலில் எடுத்துவிட்டு இடத்துக்கு அலைகிறார்கள். ஆறு பேருக்கும் படுக்கை இருந்து 27, 28 அடியில் வண்டி கிடைத்தால் 30ஐ விட்டுவிட்டு அதை எடுங்கள், கிடைக்கும் இடங்கள் உடனே கூடும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை சூழும் ஆண்டுகளும் உண்டு. பிள்ளைகளின் பள்ளி திறப்பு இடம் கொடுத்தால் ஜூலை கடைசி வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குள் மலைச் சாலையும் திறந்திருக்கும், கணவாய்ப் புல்வெளியில் பூவும் இருக்கும்.